மைக்கூடு இருந்த இடம்

சாள்ஸ் டிக்கன்ஸின் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலைப் படித்தவரிடம் அதில் மறக்க முடியாத காட்சி எதுவெனக் கேட்டால், வெறுங் கிண்ணத்தை ஏந்தி இன்னுங் கொஞ்சம் கஞ்சி கேட்கும் அநாதைச் சிறுவனையே பலருங் குறிப்பிடுவர். திரைப்படங்களும் பாடசாலைப் பதிப்புகளும் அக்காட்சியை நிலைநாட்டிவிட்டன. ஆயின், அதனைத் தொடர்ந்து வரும் மற்றொரு காட்சி, ஆசிரியர்களாகவும் மாணவர்களாகவும் இருக்கின்ற நமது கவனத்துக்குக் கூடுதலாக உரியது.

கஞ்சி கேட்ட சிறுவனை எவரேனும் பொறுப்பேற்றுக் கொண்டுபோனால் ஐந்து பவுண் தருவதாக ஏழையர் விடுதியின் நிருவாகசபை வாயிலில் அறிவித்தல் ஒட்டுகிறது. புகைபோக்கி துடைப்பவன் ஒருவன் வருகிறான், பேரம் நடக்கிறது, விலை படிகிறது. சிறுவனைத் தொழில் பழக ஒப்படைக்கும் பத்திரத்திற் கையொப்பமிட வேண்டியவர் பார்வை மங்கிய கிழ நீதவான் ஒருவர். பேனாவைத் தோய்ப்பதற்கு அவர் மைக்கூட்டைத் தேடுகிறார். அது அவர் மூக்கின் கீழேயே இருக்கிறது, கண்ணிற் படவில்லை. மேசையெங்கும் துழாவிய பார்வை தற்செயலாக நிமிர்ந்தபோது, எதிரே வெளிறி நடுங்கி நிற்கும் சிறுவனின் முகம் தெரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். மைக்கூடு அவர் நினைத்த இடத்தில் இருந்திருந்தால் ஒலிவர் அக்கணமே கொண்டுசெல்லப்பட்டிருப்பான் என்பதை டிக்கன்ஸ் ஒளிக்காமற் கூறுகிறார்.

அச்சிறுவனைப் பார்ப்பது நீதவானின் கடமை. அவர் பார்த்ததோ தற்செயல். கடமைக்கும் தற்செயலுக்கும் இடையிலுள்ள இந்தத் தூரமே சிறுவர் வியாபாரம் பற்றிய இன்றைய விவாதத்தின் மையம் என்பது நமது கருத்து.

1837இல் தொடங்கி 1839 வரை மாத சஞ்சிகையொன்றில் தொடராக வந்த இந்நாவலை, 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தைச் சாடிய படைப்பாகவே விமரிசகர்கள் பெரிதும் போற்றியுள்ளனர். அது சரியே. எனினும், ஒரு குழந்தை எவ்வாறு கைமாறுகிறது, எவ்வாறு வசப்படுத்தப்படுகிறது, எவ்வாறு பிணிக்கப்படுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும் நாவலாகவும் அதனைப் படிக்கலாம். இலண்டனுக்கு நடந்து களைத்துப் பசியோடு வழியோரத்தில் இருந்த ஒலிவரை எவனும் சாக்கிற் போட்டுத் தூக்கிச் செல்லவில்லை. அவன் வயதொத்த பையன் ஒருவன் உணவு வாங்கிக் கொடுக்கிறான். வாடகை கேட்காமல் இடந்தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்கிறான். அங்கே சூடான உணவு உண்டு, படுக்கை உண்டு, கைக்குட்டை உருவும் விளையாட்டும் உண்டு. விளையாட்டு எப்போது தொழிலாயிற்று என்பது பிள்ளைக்கே தெரியாது. தெரிய வரும்போது, அவன் செய்த குற்றமே அவன் காலிற் பூட்டிய விலங்காகிவிடுகிறது.

நமது ஊர்களிற் பிள்ளைபிடிகாரனைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்துவது வழக்கம். அவன் அந்நியன், கையிற் சாக்கு வைத்திருப்பவன். ‘கடத்தல்’ என்னும் சொல்லும் அதே படத்தைத்தான் நம் மனத்தில் எழுப்புகிறது. உண்மையில் வருபவரோ பெரும்பாலும் தெரிந்தவர். உணவோடும் உறவுமுறையோடும் வருபவர். டிக்கன்ஸும் ஓரிடத்தில் இந்தப் பிழைக்கு இரையானார். கூட்டத் தலைவனான பேகினை ‘யூதன்’ என்றே ஓயாது சுட்டி, கொடுமையின் முகத்தை ஓர் இனத்தின் முகமாக்கினார். 1863இல் யூதப் பெண்மணி ஒருவர் எழுதிக் கண்டித்த பின்னர், 1867ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சுட்டுகள் பலவற்றை அவரே நீக்கினார். வேற்றினத்தானிடம் குற்றத்தைத் தேடும் கண், பக்கத்து வீட்டில் நடப்பதைக் காண்பதில்லை.

இதற்குச் சான்று நாவலிலேயே உண்டு. தப்பிப் பிழைத்து நல்ல வீடொன்றில் அடைக்கலம் பெற்ற ஒலிவரை, நான்சி என்னும் இளம்பெண் நடுத்தெருவில் மடக்குகிறாள். வீட்டைவிட்டு ஓடிவந்த தன் தம்பி இவன் என்று அழுது கூவுகிறாள். தனக்கு அக்காளே இல்லை என்று பிள்ளை கதறுகிறான். கூடிநின்றவர்கள் யாரை நம்பினார்கள்? பெற்றோரை வருத்திய போக்கிரி என்று பிள்ளையையே ஏசினார்கள். ‘குடும்ப விவகாரம்’ என்ற ஒரு சொல்லுக்கு முன் ஊர் முழுவதும் ஒதுங்கிக்கொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பக்கங்கள் அரியவை.

இத்துணை கூர்மையாகக் கண்ட டிக்கன்ஸ், முடிவில் எங்கே தவறுகிறார்? எல்லாரிடத்தும் அவரது இரக்கம் ஒரே அளவிற் சுரக்கவில்லை. ஒலிவர் சேற்றில் வளர்ந்தும் சேறு படாதவன். ஏழையர் விடுதியிற் பிறந்தும் கனவான்களின் மொழி பேசுபவன். அவனுக்குப் பின்னால் ஒரு குடும்பமும் ஒரு சொத்தும் காத்திருக்கின்றன. ஆகவே அவன் காப்பாற்றப்படுகிறான். அவனை வழியோரத்திற் சந்தித்த பையன் டோஜரும் ஒரு குழந்தையே. அதே பேகினால் அதே தொழிலுக்குப் பழக்கப்பட்டவனே. ஆனால் அவன் வாயாடி. பெரியவர்களின் சட்டையை மாட்டிக்கொண்டு பெரியவனைப் போல நடப்பவன். வெள்ளி மூக்குப்பொடிப் பெட்டிக்காக அவன் கூண்டில் நிறுத்தப்பட்டபோது, அந்தக் காட்சியை ஆசிரியர் நகைச்சுவையாக்கிவிடுகிறார். வாசகர் சிரிக்கின்றனர். நாடு கடத்தப்படவிருக்கும் ஒரு சிறுவனைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பது நமக்கு உறைப்பதில்லை.

நான்சியின் நிலை இதனினும் கொடியது. ஒலிவரின் வயதிற் பாதிகூட ஆகாத பருவத்திலேயே தான் பேகினுக்காகத் திருடியதாகவும், அதன் பின் பன்னிரண்டு ஆண்டுகள் அதே ஊழியத்தில் உழல்வதாகவும் அவள் வெடித்துச் சொல்கிறாள். கணக்குப் பார்த்தால், ஒலிவரைப் பிடித்துக் கொடுத்தவள் பதினேழு பதினெட்டு வயதைத் தாண்டாதவள். நேற்று விற்கப்பட்ட குழந்தை இன்று விற்கும் கையாக மாறியிருக்கிறாள். அவளுக்குக் கதை விதித்தது கொலை. மாசற்றவனுக்கு மீட்சி, மாசுபட்டவர்க்கு நாடுகடத்தலும் மரணமும் என்னும் இந்த நீதி, டிக்கன்ஸ் ஒருவரின் நீதியன்று. அவர் வாழ்ந்த நடுத்தர வர்க்கத்தின் நீதி. எனினும் நான்சியின் வாயில் அந்த வார்த்தைகளை வைத்தமையால், கலைஞன் தன் வர்க்கத்தை ஒரு கணம் மீறிவிட்டான் என்பதையும் நாம் மறுக்கலாகாது.

அந்த நீதி நாவலோடு முடிந்துவிட்டதா? 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய ஆட்கடத்தற் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரைப் பாலியல் வணிகத்தில் ஈடுபடுத்தினால், பலவந்தமோ ஏமாற்றோ நிரூபிக்கப்பட வேண்டியதில்லை, அது வியாபாரக் குற்றமே என்றது. அதே ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் குழந்தையின் சம்மதத்தை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. ஆயினும் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்பிள்ளைகளே விபசாரக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதாகி வந்தனர். இங்கிலாந்தில் றொதறாம் நகரில் 1997 முதல் 2013 வரை ஏறத்தாழ 1400 சிறுவர்கள் பாலியற் சுரண்டலுக்கு ஆளானதாக 2014இல் வெளிவந்த விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. சில சம்பவங்களில், குடிபோதையில் ஒழுங்கீனமாக நடந்ததாகச் சிறுமிகளே கைது செய்யப்பட்டதையும், அவர்களைச் சிதைத்தவர்கள்மீது நடவடிக்கை இல்லாதிருந்ததையும் அவ்வறிக்கை பதிவு செய்தது. ‘சிறுவர் விபசாரம்’ என்னும் சொற்றொடரை இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து நீக்கி, ‘சிறுவர் மீதான பாலியற் சுரண்டல்’ என்று திருத்துவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொல் மாறினால் என்ன பயன் என்று கேட்போருக்கு வைத்திய வரலாறு விடை தரும். 1946இல் ஜோன் காபி என்னும் கதிர்ப்பட நிபுணர், மூளையுறையின் கீழ் இரத்தக் கசிவுற்ற ஆறு குழந்தைகளின் கைகால் எலும்புகளிலும் பல முறிவுகள் இருந்ததை எழுதினார். முறிவுகள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன, காரணந்தான் தெரியவில்லை. பெற்றவர் அடித்திருக்கக் கூடும் என்பதை ஏற்க மனம் மறுத்தது. 1962இல் கெம்ப் என்பவரும் துணைவரும் அதற்கு ‘அடிபட்ட குழந்தை நோய்க்கூறு’ என்று ஒரு பெயர் கொடுத்தனர். பெயர் கிடைத்ததும் கண் திறந்தது. 1967க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சந்தேகத்தை அறிவிக்கும் சட்டங்கள் வந்துவிட்டன. முதலில் வைத்தியரைச் சுட்டிய அக்கடமை பின்னர் ஆசிரியர், தாதியர், சமூக சேவையாளர் என விரிந்தது.

ஆனால் அச்சட்டங்களும் ஒரு வாசலைத் திறந்து மறுவாசலை மூடியே வைத்திருந்தன. ‘துஷ்பிரயோகம்’ என்பது பெற்றோரோ பராமரிப்பவரோ இழைப்பது என்றே பெரும்பாலும் வரையறுக்கப்பட்டது. பிள்ளையை விற்பவன் பராமரிப்பவன் அல்லன். ஆகவே ஆசிரியர் ஒருவர் அறிவித்தாலும், இது நமது திணைக்களத்துக்குரியதன்று, பொலிசாருக்குரியது என்று கோவை மூடப்படலாம். பொலிசாருக்கோ அப்பிள்ளை குற்றவாளி. 2015இல் நிறைவேறிய சட்டம், பாலியல் வியாபாரத்துக்கு உள்ளான பிள்ளையைத் துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளையாகவே கொள்ள வேண்டும் என்று மாநிலங்களுக்கு விதித்து, இந்த இடைவெளியை அடைக்க முனைந்தது. யார் செய்தான் என்ற கேள்வியிலிருந்து, யாருக்குச் செய்யப்பட்டது என்ற கேள்விக்குச் சட்டம் நகர்ந்தது. டோஜரைக் கூண்டிலிருந்து இறக்கும் முதற்படி இதுவே.

சட்டம் மட்டும் போதாது. கடமையுடையவருக்குப் பயிற்சி வேண்டும். 2018இல் அமெரிக்கச் சட்டமொன்றின் ஆதரவைப் பெற்ற சுகாதாரப் பயிற்சித் திட்டம் ‘நில், கவனி, கேள், செயற்படு’ என நான்கு சொற்களில் தன்னைச் சுருக்கிக் கொள்கிறது. எதனைக் கவனிப்பது? பிள்ளைக்குப் பதிலாக எப்போதும் வேறொருவர் பேசுவதை. ஒப்புவித்தாற் போல ஒரே கதை வருவதை. அடிக்கடி பாடசாலைக்கு வராமையை. வழிவகையில்லாத பிள்ளையின் கையில் விலையுயர்ந்த பொருளை. தீராத கடனைப் பற்றிய பேச்சை. எதனைச் செய்யாதிருப்பது? பொலிசாரைப் போலக் குறுக்கு விசாரணை செய்யலாகாது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கலாகாது. நிரூபணம் கிடைக்கட்டும் என்று காத்திருக்கலாகாது. நியாயமான சந்தேகமே அறிவிப்பதற்குப் போதும். எல்லாவற்றிலும் கடினமான பாடம் வேறொன்று. இத்தகைய பிள்ளை தன்னைப் பாதிக்கப்பட்டவளாகச் சொல்லிக்கொண்டு வரமாட்டாள். முரடாக வருவாள், பொய் சொல்லுவாள், தன்னை விற்றவனையே காதலன் என்று காப்பாற்றுவாள். ஒலிவரைக் கண்டு இரங்குவதற்குப் பயிற்சி தேவையில்லை. டோஜரிடமும் நான்சியிடமும் குழந்தையைக் காண்பதற்கே பயிற்சி தேவை.

இவற்றைப் புகழ்வதோடு நின்றுவிடுவது முற்போக்கு விமரிசனமாகாது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பாலியல் வியாபாரத்தையே கட்டாயமாக உள்ளடக்கியது. வயலிலும் வீட்டிலும் உழைப்புக்காக விற்கப்படும் பிள்ளையைச் சேர்ப்பதை மாநிலங்களின் விருப்புக்கு விட்டது. உடல் விற்கப்பட்டால் துடிக்கும் சட்டம், உழைப்பு விற்கப்பட்டால் தயங்குகிறது. மேலும், அறிவிக்கும் கடமை ஏழைகளை வேவுபார்க்கும் கருவியாகவும் மாறலாம். வறிய கறுப்பினக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் அளவுக்கு மீறிப் பிரிக்கப்படுவதைச் சட்டப் பேராசிரியை டொறத்தி றொபேற்ஸ் 2001இல் எழுதிய நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார். கிழிந்த சட்டை வறுமையின் அடையாளம், குற்றத்தின் அடையாளமன்று. இவ்வேறுபாட்டைக் கற்பிக்காத பயிற்சி பயிற்சியாகாது. அறிவித்த பின் பிள்ளை எங்கே அனுப்பப்படுகிறாள் என்பதும் நமது கேள்வியே. ஒலிவரை முதன்முதலில் விலைக்கு வைத்தது பேகின் அல்லன், அவனைக் காக்க அமைக்கப்பட்ட நிருவாகசபை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதெல்லாம் தொலைதூரத்துக் கதை என்று புத்தகத்தை மூடிவிட நமக்கு உரிமையில்லை. 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நமது தண்டனைச் சட்டக்கோவையில் ஆட்கடத்தல் குற்றமாகச் சேர்க்கப்பட்டது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டு. 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், கொழும்பு வீடொன்றில் வேலைக்கிருந்த பதினாறு வயது மலையகச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தாள். நாடெங்கும் குரல் எழுந்தது. குரல் எழுந்தது அவள் இறந்த பின்னர். அவளுக்கு முன்னரும் தோட்டத்து லயங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் தரகரின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கின்றனர். ‘படிக்க வைப்பார்கள்’, ‘தங்கள் பிள்ளை போலப் பார்ப்பார்கள்’ என்ற வார்த்தைகள் நமக்குப் புதியனவல்ல. வழியோரத்தில் ஒலிவருக்குச் சொல்லப்பட்டதும் அதுவே.

அப்பிள்ளை பஸ் ஏறிய மறுநாட் காலையில், யாருடைய கண்ணுக்கு முதலில் அவள் இல்லாமை தெரியும்? வகுப்பாசிரியருக்கு. வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் வெற்றிடம். பின்னர் ஒரு வாரம். பக்கத்து வாங்கிலிருக்கும் பிள்ளை, “அவ கொழும்புக்குப் போயிட்டா, சேர்” என்கிறாள். சில மாதங்களின் பின் சிவப்பு மையால் ஒரு கோடு; பெயர் நீக்கப்படுகிறது. ஒரு குழந்தையைக் கைமாற்றிய பத்திரத்தில் நாமும் கையொப்பமிட்டுவிட்டோம் என்பது அக்கோட்டை இழுக்கும்போது நம்முள் எத்தனை பேருக்குத் தோன்றுகிறது?

நமது ஆசிரிய கலாசாலைகளிற் பாடக் குறிப்பெழுதும் முறை கற்பிக்கப்படுகிறது. வரவு விகிதம் கணிக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. அந்த வெற்றிடத்தை வாசிக்கும் முறையும், வாசித்தபின் யாரிடம் எவ்வாறு சொல்வது என்பதும், சொன்னவருக்குத் தோட்டத்திலோ ஊரிலோ தீங்கு நேராமற் காப்பதும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடும் அதே மேடையில் இதனையும் கேட்க வேண்டும். இந்த அறிவு தனிமனித இரக்கத்திடம் விடப்படும் வரையில், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிழவரின் மேசையில் மைக்கூடு எங்கே இருந்தது என்பதை நம்பியே வாழ நேரும்.

நமது மேசைகளில் மைக்கூடு அதற்குரிய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே, கையொப்பமிடுமுன் நாமாகவே நிமிர்ந்து பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.