டன் கணக்கில் தூர்

கோல்ஃப் மைதானத்தில் குழியைச் சுற்றியுள்ள ‘கிரீன்’ பார்வைக்குத்தான் புல்தரை. அடியில் அது ஒரு வடிகால். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்த முறைப்படி, கீழே குழாய், அதன்மேல் 10 செ.மீ. சரளை, மேலே 30 செ.மீ. மணல் கலவை. மணல் தனக்கு வேண்டிய ஈரத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே விட்டுவிடும். கட்டியதோடு வேலை முடியாது. மக்கிய வேரும் தண்டும் மெத்தையாகப் படிந்தால் தண்ணீர் இறங்காது. அதனால் விரல் பருமனுக்குத் துளை போட்டு, மண்ணைக் குச்சி குச்சியாக உருவி எடுத்து, துளைக்குள் மணலைத் தள்ளுவார்கள். மும்பை செம்பூரில் 1927இல் தொடங்கிய பாம்பே பிரசிடென்சி கிளப்பின் மதிலுக்குள் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கதி புதிதாக இருக்காது.

மதிலுக்கு வெளியே நடப்பது நாலா சஃபாய், அதாவது மழைக்கு முன் வடிகால் ஓடைகளைத் தூர்வாருவது. ஏப்ரல், மே வந்தால் மும்பையின் தாராவியிலும் புறநகரான கல்யாணிலும் ஜேசிபி இறங்கும். மே 31 கெடு. இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகத் திட்டுவது எளிது, நியாயமில்லை. மும்பையின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கணக்கிட்டவை. அதை 50 ஆக்கச் சொன்னது, நகரின் மழைநீர் வடிகால் பற்றிய 1993இன் பிரிம்ஸ்டோவாட் அறிக்கை. இருக்கிற கொஞ்ச இடத்தையும் சேறு பிடித்துக்கொண்டால் ஜூன் முதல் மழைக்கே நகரின் தாழ்வான கிங்ஸ் சர்க்கிள் குளமாகும். கெடு என்று ஒன்று இருப்பதால்தான் இந்த அளவுக்காவது வேலை நடக்கிறது.

கோளாறு அளவுகோலில் இருக்கிறது. அள்ளிய சேற்றை எடைபோட்டுப் பில் போடுகிறார்கள். தண்ணீர் ஓடுகிறதா என்பதற்குப் பில்லில் இடமில்லை. ஈரச்சேறு கனம், கட்டட இடிபாடு அதைவிடக் கனம். லாரி எடைமேடை ஏறி இறங்கினால் கணக்கு நேர். மித்தி ஆற்றுத் தூர்வாரலில் சுமார் 65 கோடி ரூபாய் மோசடி என்று 2025 மே மாதம் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு, வேலையைக் காணொளி எடுத்துச் செயற்கை நுண்ணறிவால் சரிபார்க்கும் முறையை மாநகராட்சி கொண்டுவந்தது. திருட்டைத் தடுக்க அது உதவலாம். ஆனால் யோக்கியமாக அள்ளிய நாலாவும் ஜூலையில் பிளாஸ்டிக்கால் அடைபடும். கேமரா என்ன செய்யும்? மழைக்காலத்துக்கும் அதற்குப் பிந்தைய மாதங்களுக்கும் என்று ஒரு பங்கு வேலையை ஒதுக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பங்கைக் கேட்டுப் போராட ஆளில்லை. மே மாதத்தில் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் தலைவர்களை ஆகஸ்டில் அங்கே பார்க்க முடியாது.

இன்னொன்று, கரையில் காயப்போட்ட சேறு. அள்ளிப்போட்டு நாள்கணக்கில் விட்டால், கோடைமழை ஒன்று போதும், பாதி திரும்ப உள்ளே வழிந்துவிடும். அள்ளிய கணக்கில் மட்டும் அது அப்படியே இருக்கும்.

எடைக்குப் பதிலாக, குறித்த சில இடங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலாவின் ஆழத்தை அளந்து, அதற்கேற்பப் பணம் தரலாம். துளைபோடும் மைதானக்காரரின் கணக்கும் அதுதான்: எடுத்த மண்ணின் எடையை அவர் பார்ப்பதில்லை, தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்கிறார்.

கல்யாணில் இந்த முறைக்கும் ஒரு எல்லை உண்டு. வால்துனி ஆறு அம்பர்நாத், உல்ஹாஸ்நகர் வழியாக வருகிறது. மூன்று ஊர், மூன்று நிர்வாகம். கல்யாண் என்னதான் அள்ளினாலும் மேலே கொட்டியது இறங்கி வரும். வால்துனி போய்ச் சேரும் உல்ஹாஸ் ஆறே பெருகிவிட்டால் எந்த நாலாவும் வடியாது. 2019 ஜூலை 27 அன்று வாங்கணி அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸைச் சூழ்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகில் ஏற்றவைத்தது அந்த ஆற்று வெள்ளம்தான்.