கெளுத்தி மீனும் ஒரு மூழ்கிய பள்ளத்தாக்கும்

எட்வர்ட் ஆபியின் ‘டெசர்ட் சாலிடேர்’ (1968) கோபக்கார மனிதரின் புத்தகம் என்பார்கள். எனக்கு அதில் மனசுல நின்னது சாப்பாடுதான். நண்பரோடு ரப்பர் படகில் கொலராடோ ஆற்றில் இறங்கி, யூட்டாவின் க்ளென் கேன்யனில் ராத்திரிக்கு ராத்திரி ஒரு கரையில் தங்குகிறார். கெளுத்தி மீன், கரை ஒதுங்கிய கட்டைகளில் நெருப்பு, வண்டல் கலங்கிய தண்ணீர். அவ்வளவுதான். 1963இல் அணையை மூடினார்கள். தண்ணீர் ஏறி அந்தக் கரைகள் மூழ்கின. 1869இல் பள்ளத்தாக்குக்குப் பெயர் வைத்தவர் பவல். அதை மூழ்கடித்த ஏரிக்கும் அவர் பெயரே! அணையைத் திட்டும் பக்கங்களில் ஆபி நம்மோடு வாதாடுகிறார், மறுத்துப் பேச இடமிருக்கு. மீன் சமைக்கும் பக்கத்தை எப்படி மறுப்பது? அங்கே ஒருத்தர் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். போனது என்னவென்று அப்போதுதான் உறைக்கிறது.