விருந்தும் அதபும்

உண்ட உணவைப் பற்றி விமர்சனம் எழுதப் புகுவது, மத்ரஸாவில் ஓதி வளர்ந்த நம் போன்றோர்க்குத் தயக்கம் தரும் செயலாகும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் முன் வைக்கப்பட்ட எந்த உணவையும் பழித்ததில்லை. மனம் விரும்பினால் உண்டும், விரும்பாவிடில் ஒதுக்கியும் வந்தார்கள் என்னும் செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. அவ்வாறிருக்க, உணவகம் ஒன்றுக்குச் சென்று வந்து அதன் குறைநிறைகளை எழுதுவது முறையாகுமா என்று வாசக அன்பர்கள் வினவலாம்.

உணவைப் பழிப்பது வேறு. அது பரிமாறப்படும் முறையையும், விற்பவரின் சொல்லையும், உண்ணச் செல்லும் நம் மனத்தையும் ஆராய்வது வேறு. இன்னொன்றும் உண்டு. அரபியில் இலக்கியத்தையும் நல்லொழுக்கத்தையும் குறிக்கும் ‘அதப்’ என்னும் சொல்லும், விருந்தைக் குறிக்கும் ‘மஃதுபா’ என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. தமிழிலோ ‘விருந்து’ என்பதற்குப் புதுமை என்பது பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றிற்கு ‘விருந்து’ என்றே பெயரிட்டு, புதிதாகப் புனையப்படும் யாப்பை அதனுள் அடக்கினார். இரு மொழிகளும் விருந்தையும் நூலையும் அருகருகே வைத்திருக்க, நூலை ஆராய்பவன் விருந்தை ஆராய்வதில் பிழையில்லை எனத் துணிந்தோம்.

திருப்பெரும்புதூர் என்றதும் முன்னாளில் இராமாநுசர் பிறந்த ஊர் என்பதே மக்கள் நினைவுக்கு வரும். இன்று அவ்வூரைச் சுற்றியுள்ள நிலம் வேறு முகம் கொண்டுவிட்டது. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் கால் ஊன்றி, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தன் முதல் காரை வெளியிட்டது. 2007இல் சாம்சங் வந்தது; 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. ஆலைகளைத் தொடர்ந்து உதிரிப்பாகத் தொழிலகங்களும், அவற்றைத் தொடர்ந்து கொரிய, ஜப்பானியக் குடும்பங்களும், அவர்களைத் தொடர்ந்து அவர்தம் உணவகங்களும் வந்தன. ஏரிக்கரையும் வயலுமாய் இருந்த சாலையோரத்தில் இன்று கொரிய எழுத்துப் பலகைகள் நிற்கின்றன. அத்தகைய உணவகம் ஒன்றிற்கே சென்ற ஷஅபான் மாதத்து ஞாயிறொன்றின் நண்பகலில் நாம் சென்றோம்.

அழைத்துச் சென்றவர் நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவர். இப்போது கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளர். “ஹஜ்ரத், நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் அதன்படி நடந்துகொள்கிறேன்” என்று பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஏன் அவ்வளவு வற்புறுத்தினார் என்பது உணவின் நடுவிலேதான் நமக்கு விளங்கிற்று.

உள்ளே நுழைந்ததும் நம்மை எதிர்கொண்டது புளித்த முட்டைக்கோசின் நெடி. கிம்சி என்பது அதன் பெயர். முட்டைக்கோசை உப்பிட்டு, மிளகாய்த் தூளும் பூண்டும் கூட்டிப் புளிக்க வைப்பது. பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ அதில் சேரும். முதற்கணம் மூக்கைச் சுளித்தோம் என்பதை மறைப்பானேன்? மறுகணம் நம் வீட்டு அடுக்களையின் கருவாடும் மாசியும் நினைவுக்கு வந்தன. அயலான் ஒருவன் நம் வாசலில் நின்று முகம் சுளித்தால் நாம் பொறுப்போமா? உடும்பிறைச்சி வைக்கப்பட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்க, இல்லையென்றும், தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் இல்லாததால் மனம் ஏற்கவில்லை என்றும் விடையளித்தார்கள்; காலித் (ரலி) அதனை உண்டார்கள். மனம் ஒவ்வாமை வேறு, மார்க்கத்தின் விலக்கல் வேறு என்பதை இந்நிகழ்ச்சியைக் கொண்டே ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்தி வருகிறோம். நம் மூக்கு அப்பாடத்தை அன்றுதான் படித்தது.

முட்டைக்கோசு புளிப்பதும் நம் தோசை மாவு புளிப்பதும் ஏறத்தாழ ஒரே வகை. புளித்தல் வேறு, போதை வேறு. காடியைச் சிறந்த தொடுகறி எனப் போற்றிய மார்க்கம் நம்முடையது. கொரியர் கையாளும் மிளகாயும், நாம் கையாளும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவையே. இரு நாட்டாரும் இன்று அதனைத் தம் முன்னோர் சொத்தென்றே கருதுகின்றனர்.

மேசைமீது சிறு கிண்ணங்களில் ஐந்தாறு தொடுகறிகளை முதலில் வைத்தனர். பான்சான் எனப்படும் இவற்றுக்குத் தனி விலையில்லை. தீரத் தீர மீண்டும் வைப்பார்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் கூட்டும் பொரியலும் கேட்கக் கேட்க வருவது போன்றதே இது. பரிமாறிய பெண் வடகிழக்கு மாநிலத்தவர். ஒவ்வொரு கிண்ணத்தையும் இரு கையாலும் ஏந்தி வைத்தார். பெரியவர்க்கு ஒன்றைக் கொடுக்கும்போது இரு கையால் கொடுப்பதும், பெரியவர் கரண்டி எடுக்கும்வரை இளையவர் தொடாதிருப்பதும் கொரியர் மரபு என்று தம்பி கூறினார். நாயகம் (ஸல்) அவர்கள் கை வைத்துத் தொடங்கும்வரை தாங்கள் உணவில் கை வைத்ததில்லை என்று ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை அவருக்கு நினைவூட்டினோம். இந்த அதபிற்காக அவ்வுணவகத்திற்கு முழு மதிப்பெண் தரலாம்.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். முதற்குறை, தமிழ் மண்ணில் நடக்கும் கடையின் உணவுப் பட்டியலில் ஒரு வரியேனும் தமிழில் இல்லை. கொரிய மொழியில் உண்டு, ஆங்கிலத்தில் உண்டு. அவ்விரண்டும் அறியாத தாய்மார் தம் பிள்ளையுடன் வந்தால் எதைக் கண்டு எதைத் தவிர்ப்பார்கள்?

இரண்டாங்குறை இதனினும் பெரிது. வாசலில் ‘ஹலால்’ என்று எழுதிய சிறு பலகை தொங்குகிறது. தம்பி விசாரிக்க, அப்பெண் அடுக்களைக்குள் சென்று கேட்டு வந்து ஒளிக்காமல் கூறினார்: கோழி வாங்குவது முஸ்லிம் கடையில், ஆனால் பன்றியிறைச்சி வாட்டும் சட்டியிலேயே அதுவும் வாட்டப்படுகிறது, இறைச்சி ஊறவைக்கும் சாற்றில் அரிசி மது சேர்கிறது. அப்பெண்ணின் நேர்மையைப் பாராட்டுகிறோம். பலகையைப் பாராட்ட இயலவில்லை. அறுத்தவர் கையோடு ஹலால் முடிந்துவிடுவதில்லை. அது சட்டியையும் எண்ணெயையும் ஊறுநீரையும் தொடர்ந்து செல்கிறது. பன்றி பட்ட பாத்திரத்தை ஷாஃபிஈ மத்ஹபில் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அசுத்தம் நீங்கக் கழுவினால் போதும். எந்த மத்ஹபிலும் கழுவாத சட்டிக்கு இடமில்லை. பட்டியலிலுள்ள கணவாயும் எண்காலியும் ஷாஃபிஈகளுக்கு ஆகும், ஹனஃபீகளுக்கு ஆகா. இவையனைத்தையும் ஒரே பச்சைப் பலகைக்குள் அடைத்து வைப்பது, பொருளுணராமல் சொல்லை அலங்காரத்திற்குக் கையாளும் கவிஞனின் குற்றத்தை ஒத்தது.

நாம் கேட்டு வாங்கியது பிபிம்பாப். வெண்சோற்றின்மீது கீரை, கேரட், முளைப்பயறு, காளான் ஆகியவற்றைத் தனித்தனியே அடுக்கி, நடுவே முட்டை வைத்துத் தருவார்கள். உண்பவரே கலந்துகொள்ள வேண்டும். முட்டையை அவித்துத் தரக் கேட்டோம். கலப்பதற்குரிய மிளகாய் விழுதின் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்ததில், சேர்மானங்களுள் ஆல்கஹாலும் இருந்தது. விழுது வேண்டாமென்றோம். சற்று நேரத்தில் சமையற்காரர் ஒரு கிண்ணத்தில் மிளகாய்த் தூளும் உப்பும் எள்ளெண்ணெயும் குழைத்து அனுப்பினார். வறுத்த எள்ளில் எடுத்த அவ்வெண்ணெயின் மணம் நம் நல்லெண்ணெயினும் ஓங்கியது. ஒவ்வொரு காயும் தன் சுவை கெடாமல் நின்று, கலந்தபின் ஒன்றாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், வயிறு நிறைந்தது. சுவையைப் பற்றி இதற்குமேல் சொல்வது நம் வழக்கமன்று.

அப்போதுதான் தம்பி தம் மனத்தைத் திறந்தார். தொழிற்சாலையில் மாதம் ஒருமுறை கொரிய மேலாளர் தம் குழுவினரை இரவு உணவுக்கு அழைப்பார். அது அவர்கள் நாட்டு வழக்கம். மூன்றாண்டுகளுக்கு முன் ஜும்ஆவுக்குப் பின் நடந்த ஒரு வகுப்பில், அத்தகைய இடங்களின் வாசலை மிதிப்பதே கூடாது என்று நாம் ஒரே வரியில் கூறினோமாம். அன்றுமுதல் அவர் ஒருநாளும் போகவில்லை. காரணம் சொல்லக் கூச்சம். வயிற்று வலி, ஊருக்குப் பயணம் என்று சாக்குச் சொல்லி விடுதி அறையில் தனியே உண்டிருக்கிறார். மேலாளரோ, இவருக்குத் தம்மைப் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொண்டார். அதே ஆலையிலுள்ள நம் பிள்ளைகள் இருவர் வேறு வழி சென்றனர். கேட்டால் வெட்கம் என்று, வைத்ததையெல்லாம் கேளாமலே உண்டுவிடுகின்றனர்.

இதைக் கேட்டபின் விமர்சனத்தின் முனை நம்மை நோக்கித் திரும்பிற்று. உணவகத்தாரின் பலகை ஆராயாமல் ‘ஆகும்’ என்றது. நம் வகுப்பு ஆராயாமல் ‘ஆகாது’ என்றது. ஒன்று வணிகரின் சோம்பல்; மற்றொன்று ஆசிரியரின் சோம்பல். ஒரு பிள்ளை பொய் சொல்லவும், வேறிரு பிள்ளைகள் கேளாமல் உண்ணவும் அது இடமளித்தது. மது சுற்றிவரும் விரிப்பில் அமரலாகாது என்பது நபிமொழி. இரவு விருந்தில் கொரிய மது ஓடுமாயின், அங்கே அமர்வதற்கு நாம் அனுமதி சொல்ல மாட்டோம். ஆனால் பகல் உணவுக்கு வருகிறேன், இன்னின்னவை எனக்கு ஆகா என்று முகம் பார்த்துச் சொல்வதை நாம் அவருக்குக் கற்பிக்கவில்லை. விலக்கலின் பட்டியலைக் கற்பித்தோம்; கேட்கும் அதபைக் கற்பிக்கத் தவறினோம்.

மக்காவில் துன்பம் மிகுந்தபோது முதல் முஸ்லிம்கள் அடைக்கலம் தேடியது, கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி ஆண்ட ஹபஷா நாட்டில். ஹிஜ்ரத்துக்கு ஏழாண்டுகள் முன்னர், கி.பி. 615 அளவில் நிகழ்ந்தது அது. இன்றைய எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் அந்நிலத்தைச் சேர்ந்தவை. ஸஹாபாக்களுள் சிலர் அயல் மண்ணில், அயலார் நடுவே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். தம் மார்க்கத்தை மறைக்கவுமில்லை, அயலாரை வெறுக்கவுமில்லை. மன்னர் அவையிலேயே ஜஅஃபர் (ரலி) அவர்கள் தாங்கள் யார் என்பதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள். எரித்திரியர் இன்றும் புளித்த மாவில் சுட்ட இஞ்செரா என்னும் பெரிய அப்பத்தைத் தட்டில் விரித்து, அதன்மேல் குழம்பிட்டு, சுற்றி அமர்ந்து வலக்கையால் பிட்டு உண்கின்றனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம்மவர் சஹனைச் சுற்றியமர்ந்து உண்பதைக் கண்டவர்க்கு அது அயல் வழக்காகத் தோன்றாது.

அந்தச் சஹனை நினைத்தபோது தம்பியிடம் ஒரு கேள்வி கேட்டோம்: “மூன்றாண்டுகளாக அவர் உங்களை அழைத்தார், நீங்கள் ஒருமுறையேனும் அவரை உங்கள் வீட்டிற்கு அழைத்தீர்களா?” அவர் தலை குனிந்தார். அழைக்கலாம் என்றே தமக்குத் தோன்றவில்லை என்றார். தோன்றாமைக்கு அவர் மட்டும் பொறுப்பல்லர். வலீமாக்களில்கூட இப்போது மேசையும் தனித்தட்டும் வந்துவிட்டன. கூடி உண்பதிலும் தனித்து உண்பதிலும் குற்றமில்லை என்பது நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் தரும் கருத்து. ஆதலின் தனித்தட்டை நாம் கண்டிக்கவில்லை. ஆயினும் தன் வீட்டில் சுப்ரா விரித்து அயலானை அமர்த்திப் பழகாதவன், அயலான் மேசையில் எதைக் கேட்பது, எதை மறுப்பது என்று திகைத்து நிற்கத்தான் செய்வான்.

உணவகத்தைப் பற்றிய நம் தீர்ப்பு இது: பரிமாறும் பண்பு நன்று, காய்கறி உணவு கேட்டு வாங்கினால் ஆகும், இறைச்சி, சட்டி மாறும்வரை ஆகாது, பலகையை அவர்கள் திருத்தட்டும், அல்லது கழற்றட்டும். நம்மைப் பற்றிய தீர்ப்பை அடுத்த ஜும்ஆ வகுப்பில் நாமே கூறினோம்; மூன்றாண்டுகளுக்கு முன் சொன்ன ஒரு வரியைத் திரும்பப் பெற்று, அதனிடத்தில் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினோம்.

இக்கட்டுரையை முடிக்கும் வேளையில் தம்பியிடமிருந்து தொலைபேசி வந்தது. பெருநாள் கழிந்த ஞாயிறன்று மேலாளர் குடும்பத்தோடு வருவதாக ஒப்புக்கொண்டாராம். நெய்ச்சோறும் தாலிச்சாவும் செய்ய அவர் தாயார் முடிவு செய்துள்ளாராம். “அவர்களுக்கு எது ஆகாது என்று கேட்டீர்களா?” என்றோம். கேட்டுவிட்டதாகச் சொன்னார். அல்லாஹ் அவ்விரிப்பில் பரக்கத் செய்வானாக.