நட்சத்திரம் பொறியாளருக்கு என்ன சொல்லும்?

வேங்கிக்காலில் ஒரு வீட்டில் இட்லி மாவு அரைக்கும்போது புதிய மிக்ஸி திடீரென நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வீட்டு மாணவர் கைபேசியை எடுத்து, இணையக் கடையின் பக்கத்தில் “மோசம், வாங்காதீர்கள்” என்று எழுதி, ஒற்றை நட்சத்திரம் இடுகிறார். அடுத்து வாங்க வருபவருக்கு இது ஓர் எச்சரிக்கை. மிக்ஸியை வடிவமைத்த பொறியாளருக்கு இதனால் என்ன பயன்?

ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏன் என்று பார்ப்போம். கெட்டி மாவில் பிளேடு சுழலத் திணறும்போது மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது, கம்பிச்சுருள் சூடேறுகிறது. அது கருகிவிடாமல் இருக்க, மிகைச்சுமைக் காப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது. மோட்டார் ஆறியபின் அடியிலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால், பல மிக்ஸிகள் மீண்டும் ஓடும். ஆகவே “நின்றுவிட்டது” என்பது பழுதாகவும் இருக்கலாம். காப்பு தன் கடமையைச் செய்ததாகவும் இருக்கலாம். எவ்வளவு அரிசி, எவ்வளவு நீர், எத்தனை நிமிடம் என்ற விவரம் இருந்தால்தான் காரணம் விளங்கும். “அடியில் பொத்தான் இருப்பதே தெரியாது” என்று பலர் எழுதினால், மாற்ற வேண்டியது மோட்டாரை அன்று, பொத்தானின் இடத்தை என்பதும் புலப்படும்.

நம் நாட்டு மிக்ஸியின் வரலாறும் இதையே காட்டுகிறது. மேலைநாட்டுச் சமையலுக்கென அமைந்த கருவிகள் நம் மசாலாவுக்கும் மாவுக்கும் ஈடுகொடுக்கவில்லை. 1960-களில் வந்த சுமீத் மிக்ஸி, நம் சமையலறையின் வேலையைக் கருத்தில் கொண்டு செய்யப்பட்டதாலேயே வெற்றி பெற்றது.

இணைய மதிப்புரைகளில் வேறு குறைகளும் உள்ளன. பெருமகிழ்ச்சியோ கடுங்கோபமோ கொண்டவர்களே பெரும்பாலும் எழுதுகின்றனர். நடுத்தர அனுபவம் மறைந்துவிடுகிறது. காசுக்கு எழுதும் பொய்களும் உண்டு. இவற்றைத் தடுக்க 2022-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. ஆனால் அது கட்டாயமாக்கப்படாமல், விருப்பத்தின்பேரில் பின்பற்றும் விதியாகவே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் மிக்ஸியை இயக்கும் பாட்டி கைபேசியில் எழுதுவதே இல்லை. வடிவமைப்பாளர் திரையை மட்டும் நம்பினால் அவர் குரலைக் கேட்கமாட்டார். சமையலறைக்கே சென்றாக வேண்டும்.

மதிப்புரைகள் பயனற்றவை என்பதன்று நம் கருத்து. அவை தடயங்களே, தீர்ப்புகள் அல்ல. வாசகர்களே, அடுத்த முறை எழுதும்போது ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் செய்தீர்கள், என்ன கண்டீர்கள்? அத்தகைய நான்கு வரிகள், ஆயிரம் நட்சத்திரங்களைவிட அடுத்த மிக்ஸியைச் செம்மையாக்கும்.