புரவலரை நம்பிய கழகங்கள்

2022ஆம் ஆண்டின் ஆட்டப் பருவம் முடிந்த பிறகு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் காற்பந்துக் கழகம் மலேசிய சூப்பர் லீக்கிலிருந்து தானாகவே விலகிக்கொண்டது. ஜொகூர் அணியின் வெற்றிகளைப் பற்றி நாள்தோறும் விவாதிக்கிற நம்மவர்களிடையே அந்தச் செய்தி பெரிய சலனம் எதையும் உண்டாக்கவில்லை. ஆயினும், மலேசியத் தமிழரின் விளையாட்டு வாழ்வில் அண்மைக் காலத்தில் நேர்ந்த நஷ்டங்களுள் அதுவே பெரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தக் கழகம் பிறந்தது மிஃபா என்ற பெயரில். தோட்டத்துத் திடல்களிலும் தமிழ்ப்பள்ளி மைதானங்களிலும் பந்தாடி வளர்ந்த இந்திய இளைஞர்களுக்குத் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு வாசல் திறக்க வேண்டும் என்ற உத்தேசத்தோடு மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம் வளர்த்த அணி, 2016இல் மூன்றாம் பிரிவாகிய எஃப்.ஏ.எம். லீக்கில் வாகை சூடி, மறு ஆண்டே பிரிமியர் லீக்கில் கால் பதித்து, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப் பெயருடன் சூப்பர் லீக்கையும் எட்டிற்று. பினாங்கில் பிறந்த தொழிலதிபர் விஜய் ஈஸ்வரனின் கியூ.ஐ. குழுமம் அதற்குப் பொருளுதவி செய்தது. 2022இல், ஏனைய கழகங்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நம்பிக் களமிறங்கியபோது, பயிற்றுநர் பி. மணியத்தின் கீழ் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு ஆடிய கழகம் அதுதான். அப்படிப்பட்ட அணி, களத்தில் தோற்று இறங்காமல், ஒரு நிர்வாகத் தீர்மானத்தால் முடிந்துபோயிற்று. புரவலர் இத்தனை ஆண்டுகள் கொடுத்ததற்கு நாம் நன்றி பாராட்டவே கடமைப்பட்டவர்கள். ஆனால், ஒருவர் கை எடுத்தவுடன் சாய்ந்துவிடுகிற ஸ்தாபனத்தை ஒரு சமூகத்தின் உடைமை என்று எப்படிச் சொல்வது?

கீழ்ப்பிரிவுக் கழகங்களின் கணக்கு எளிய கணக்குத்தான். நுழைவுச் சீட்டில் வரும் பணம் அற்பம்; ஒளிபரப்பு உரிமையில் வரும் பங்கு அதனினும் அற்பம்; செலவோ, ஆட்டக்காரர் சம்பளம், திடல் வாடகை, சபாவுக்கும் சரவாக்கிற்கும் பறந்து செல்லும் விமானக் கட்டணம் என்று மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும். இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப மாநில அரசோ, அரசு நிறுவனமோ, தனவந்தரோ வேண்டியிருக்கிறது. அரசு மாறினால், நிறுவனத்தின் லாபம் குறைந்தால், தனவந்தரின் உற்சாகம் தணிந்தால், முதலில் நிற்பது ஆட்டக்காரரின் சம்பளமே. 2018இல் பிரிமியர் லீக்கில் இரண்டாம் இடம் பெற்று மேலே ஏறும் தகுதி அடைந்த ஃபெல்க்ரா அணி, அந்தப் படியில் கால் வைக்காமலே கலைந்தது. ஃபெல்டா யுனைட்டெட் 2020 பருவத்தோடு சூப்பர் லீக்கை விட்டு வெளியேறிற்று.

இந்த வியாதிக்கு மருந்தாகத்தான், மாநிலச் சங்கங்களின் அணிகள் யாவும் தனித்த நிறுவனங்களாக மாற வேண்டும் என்ற விதி வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால், கடனும் பழக்கமும் மாறாமல் பெயர்ப்பலகை மட்டும் மாறினால் பயன் என்ன? 2012இல் ஒரே ஆண்டில் மூன்று கிண்ணங்களையும் வென்ற கிளந்தான், 2020இல் ஒரு தனிமனிதரின் கைக்குச் சென்று, 2023 பருவத்திற்குப் பின் சூப்பர் லீக்கிலேயே இல்லாமற்போனது. நூறாண்டுக் காற்பந்து மரபுடைய பேராக், ஒரு தொலைத்தொடர்புக் குழுமத்தின் பொறுப்பில் இருந்து, 2025-26 பருவத்தில் பங்கேற்கவில்லை. எங்கள் கெப்பாலா பத்தாசிலிருந்து மூடா ஆற்றைக் கடந்தால் வந்துவிடும் கெடா, அடுத்தடுத்து இரு பருவங்களில் மும்முடி சூடிய கெடா, சம்பளப் பாக்கியில் மூழ்கி அதே பருவத்திற்கான உரிமத்தை இழந்தது. இவற்றுள் எதையும் ஆட்டத் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது.

பினாங்கின் கதையும் இதற்குப் புறம்பானதன்று. 1998லும் 2001லும் லீக் வாகை சூடிய இந்த மாநிலம், பின்னர் மூன்றாம் பிரிவு வரை சரிந்து, மீண்டும் எழுந்து வந்தது. 2016 பிப்ரவரி 16ஆம் தேதி, ஜார்ஜ்டவுன் நகர அரங்கில் பகாங் அணிக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃபிரீ கிக், காற்றில் திசை மாறி வலைக்குள் புகுந்து, ஆண்டின் மிகச் சிறந்த கோலுக்கான ஃபிஃபாவின் புஸ்காஸ் விருதைப் பெற்றுத் தந்தது. உலகமே அந்தக் கோலைப் பார்த்தது. அதற்கு மறு பருவத்திலேயே பினாங்கு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிற்று. கீர்த்தி வேறு, கஜானா வேறு.

மேல்நாடுகளிலும் இந்த விபரீதம் உண்டு. 1885இல் தோன்றிய பெரி என்னும் ஆங்கிலக் கழகம், 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. ஆனால், மாற்று வழி கண்டவர்களும் அதே தேசத்தில் இருக்கிறார்கள். 2003இல் திவாலின் விளிம்பில் நின்ற எக்ஸ்டர் சிட்டியை அதன் ரசிகர்களே அறக்கட்டளை அமைத்து ஏற்று, இன்றளவும் நடத்திவருகிறார்கள். ஜெர்மனியிலோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. கார்டிஃப் சிட்டியை நடத்தும் நம் நாட்டுச் செல்வர் வின்சென்ட் டான், 2012இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக்கியபோது, ரசிகர்கள் விடாமல் எதிர்த்து, 2015இல் நீலத்தை மீட்டார்கள். பணம் போட்டவருக்கும் எல்லை உண்டு என்பதை அவர்கள் நிலைநாட்டினார்கள்.

ஆகவே, புரவலர் வேண்டாம் என்பதன்று என் வாதம். புரவலர் ஒருவரே போதும் என்ற நம்பிக்கை வேண்டாம் என்பதே. பருவம் தொடங்கும் முன்னரே, ஆண்டுச் சம்பளத்தில் ஒரு கணிசமான பகுதியை உரிமையாளர் வைப்புத்தொகையாகக் கட்ட வேண்டும். வருமானத்துக்கு மிஞ்சிய சம்பள ஒப்பந்தங்களைச் செய்யும் கழகங்களுக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும். வரவுசெலவுக் கணக்கு ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கழகத்தின் ஒரு பங்கு, சிறியதாயினும், வாக்குரிமையோடு ரசிகர்களிடம் இருக்க வேண்டும். பிரிமியர் லீக் 2022ஓடு நிறுத்தப்பட்டு, அரைத் தொழில்முறை லீக் ஒன்றே சிறிய கழகங்களின் ஏணியாக எஞ்சியிருக்கும் இன்றைய நிலையில், இவை அவசியமான காரியங்கள்.

கெப்பாலா பத்தாசின் பெயரைத் தாங்கிய எஸ்.டி.எம்.எஸ். அணியும் ஒரு காலத்தில் எஃப்.ஏ.எம். லீக்கில் ஆடியது; இன்று தேசிய லீக்கின் எந்தப் பிரிவிலும் அந்தப் பெயர் இல்லை. நம் ஊர்ப் பையன்கள் பந்தாடுவதை நிறுத்திவிடவில்லை. அவர்கள் ஏறிச் செல்லும் படிகளைத்தான் காக்கத் தவறினோம். இங்கிலாந்துக் கழகத்தின் சட்டைக்கு நூற்றுக்கணக்கான ரிங்கிட் கொடுக்கத் தயங்காத வாசகர்கள், பினாங்கு அணியின் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வாங்கி, பாலத்தைக் கடந்து நகர அரங்கிற்குச் செல்ல வேண்டும்; சென்றதோடு நில்லாமல், கழகத்தின் கணக்கையும் அங்கத்துவத்தையும் உரிமையோடு கேட்கவும் வேண்டும்.