ஹஜ் கையேடுகள் விட்டுவிடும் ஐந்து நிறுத்தங்கள்

ஹஜ் கையேடுகள் நாலைந்தை எடுத்து வரிசையா படிச்சுப் பாருங்க. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னப் புத்தகம், ஹஜ் குழுவில் கொடுக்கும் மடக்குத்தாள், வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப், மொபைல் ஆப், எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான். முதலில் ஹஜ்ஜின் மூன்று வகைகள். அடுத்து ஓர் அட்டவணை: ஃபர்ளு, வாஜிப், சுன்னத். ஃபர்ளை விட்டால் ஹஜ் கூடாது. வாஜிபை விட்டால் தம், அதாவது ஓர் ஆடு. சுன்னத்தை விட்டால் குற்றமில்லை. அப்புறம் இஹ்ராமில் செய்யக்கூடாதவை. கடைசியில் பிறை 8 முதல் 13 வரை நாள்வாரியான பட்டியல்.

இந்த அமைப்பில் தவறு எதுவும் இல்லை. நூற்றாண்டுகளாக ஃபிக்ஹ் நூல்கள் உழைத்து வகுத்த பிரிவுகள்தான் இவை. ஆனால் இந்த அட்டவணை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: "என் ஹஜ் கூடுமா, கூடாதா?" நபி (ஸல்) அவர்கள் தம் ஹஜ்ஜின்போது நாள் முழுக்க என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின விஷயம். ஒரு வேலைப் பட்டியலை "கட்டாயம் வேணும்", "இருந்தா நல்லது" என்று இரண்டாகப் பிரிச்சாச்சுன்னா, இரண்டாவது பகுதி பெரும்பாலும் வெளியே வராது. வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்திருக்க மாட்டாங்க. நேரம் நெருங்கும்போது அது தானாக விழுந்துவிடும். ஹஜ்ஜின் சுன்னத்துகளுக்கு நடந்திருப்பதும் இதேதான். எந்த மாதிரி சுன்னத்துகள் விழுகின்றன என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆறு இடங்கள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்து செய்தது ஒரே ஒரு ஹஜ்தான், ஹிஜ்ரி 10இல். அதை முதலிலிருந்து கடைசிவரை விரிவாகச் சொல்லும் அறிவிப்பு ஜாபிர் (ரலி) அவர்களுடையது. சஹீஹ் முஸ்லிமில் ஹஜ் பாடத்தில் இருக்கிறது. முதுமையில் பார்வை இழந்திருந்த ஜாபிரிடம், ஹுசைன் (ரலி) அவர்களின் பேரர் முஹம்மது இப்னு அலீ வந்து, நபிகளாரின் ஹஜ்ஜைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த நீண்ட ஹதீஸ். ஒட்டகத்தின் கடிவாளத்தை எப்படி இழுத்துப் பிடித்தார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது.

ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கய்யிம், தமது 'ஸாதுல் மஆத்' நூலில் இதுபோன்ற அறிவிப்புகளை எல்லாம் சேர்த்து வைத்து ஓர் எண்ணிக்கை சொல்கிறார். நபிகளாரின் ஹஜ்ஜில் துஆவுக்காக நின்ற இடங்கள் ஆறு: ஸஃபா, மர்வா, அரஃபா, முஸ்தலிஃபா, முதல் ஜம்ரா, நடு ஜம்ரா.

இந்த ஆறையும் மேலே சொன்ன அட்டவணையில் தேடிப் பாருங்க. அரஃபா முதல் வரிசையில் இருக்கும், ஏன்னா அது இல்லாமல் ஹஜ்ஜே இல்லை. மற்ற ஐந்து இடங்களின் பெயரும் இருக்கும். ஆனால் அங்கே *நிற்பது* இருக்காது. இருந்தாலும் கடைசிப் பத்தியில் ஒரு வரி. ஸஃபா–மர்வா என்றால் ஏழு நடை, முஸ்தலிஃபா என்றால் தங்குவதும் கல் பொறுக்குவதும், ஜம்ரா என்றால் ஏழு கல். உடம்பு அசைவது எல்லாம் பதிவாகியிருக்கிறது. நின்று கேட்பது மட்டும் உதிர்ந்துபோயிருக்கிறது.

ஸஃபாவும் மர்வாவும்

ஜாபிரின் அறிவிப்புப்படி, நபிகளார் கஅபா கண்ணுக்குத் தெரியும் வரை ஸஃபாவில் ஏறினார்கள். கிப்லாவை நோக்கி நின்று, அல்லாஹ்வின் ஒருமையையும் பெருமையையும் சொன்னார்கள். நடுவே துஆ கேட்டார்கள். இப்படி மூன்று முறை. மர்வாவிலும் அதேபோலச் செய்தார்கள்.

இன்று பெரும்பாலும் நடப்பது என்ன? ஹஜருல் அஸ்வதுக்குச் சைகை செய்வது போலக் கையைத் தூக்கி ஒரு தக்பீர், உடனே திரும்பி நடை. பச்சை விளக்குகளுக்கு நடுவே ஆண்கள் ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, ஏன்னா அது கால் செய்யும் வேலை. இரண்டு முனைகளிலும் நிற்க வேண்டும் என்பது ஞாபகம் இல்லை. ஏறக்குறைய 3 கி.மீ. நடக்கும் ஸஃயீயில், ஸஃபாவும் மர்வாவும் வெறும் திரும்பும் இடங்களாகிவிட்டன. இன்றைய கட்டடத்தில் கஅபா கண்ணுக்குத் தெரியுதோ இல்லையோ, திசை எல்லோருக்கும் தெரியும். நிற்க அது போதும்.

முஸ்தலிஃபாவின் காலை

முஸ்தலிஃபா இரவைப் பற்றிக் கையேடுகள் அதிகம் பேசுவது கல் பொறுக்குவதைத்தான். பிறை 12 அன்று கிளம்பினால் 49, 13 வரை தங்கினால் 70 என்று கணக்கு, கடலைப் பருப்பு அளவு, போட்டு வைக்கப் பை. எல்லாம் சரி. ஆனால் அன்று நபிகளாருக்குக் கல் பொறுக்கப்பட்டது காலையில். வாகனத்தின் மேல் இருந்தபடி, எனக்குப் பொறுக்கித் தாருங்கள் என்று கேட்டார்கள்; ஏழு சின்னக் கற்கள் பொறுக்கிக் கொடுக்கப்பட்டன. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இது வருகிறது. மொத்தக் கல்லையும் அந்த இரவே சேர்த்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

அந்தக் காலையில் ஜாபிர் சொல்லும் முக்கியமான காட்சி வேறு. சுபுஹு தொழுதுவிட்டு, கஸ்வா ஒட்டகத்தில் ஏறி மஷ்அருல் ஹராமுக்கு வந்து, கிப்லாவை நோக்கி துஆ கேட்டார்கள்; தக்பீரும் தஹ்லீலும் சொன்னார்கள்; நன்றாக வெளிச்சம் பரவும்வரை நின்றார்கள்; சூரியன் உதிக்கும் முன்பே கிளம்பினார்கள். அல்லாஹ்வை மஷ்அருல் ஹராமில் நினைவுகூருங்கள் என்று குர்ஆனே (2:198) இடத்தைப் பெயர் சொல்லிக் கட்டளையிடுகிறது.

அட்டவணை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இந்த இடம் நல்ல உதாரணம். ஹனஃபி மத்ஹபில் இந்த அதிகாலை நேரத்து நிற்றல் வாஜிப். ஷாஃபிஈ மத்ஹபில், இரவின் பிற்பாதியில் கொஞ்ச நேரம் அங்கே இருந்தாலே வாஜிப் நிறைவேறிவிடும். காலையில் மஷ்அரில் நிற்பது சுன்னத். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை பக்கமிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். நள்ளிரவுக்குப் பிறகு பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால் அவர்களுடைய சட்டப்படி குறை இல்லை. ஆனால் அட்டவணையில் எந்த வரிசையில் இருந்தாலும் அந்தக் காலை அதே காலைதானே? ஒரு வரிசை கீழே இறங்கியதும் பேச்சே இல்லாமல் போய்விடுகிறது.

முன்கூட்டியே கிளம்ப நபிகளார் அனுமதி கொடுத்தது உண்மை. உடல் கனத்து மெதுவாக நடப்பவர் என்பதால் ஸவ்தா (ரலி) அனுமதி கேட்டார், கிடைத்தது. குடும்பத்தின் பலவீனமானவர்களோடு இப்னு அப்பாஸும் முன்னதாக அனுப்பப்பட்டார். இன்றும் வயதானவர்கள், நோயாளிகள், அவர்களுக்குத் துணையாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் அந்தச் சலுகை உண்டு, தாராளமா எடுத்துக்கலாம். ஆனா 35 வயசு ஆள், நல்ல திடமா இருக்கிறவர், பஸ் கிளம்புதே என்று கிளம்புகிறார். இப்படி ஒரு காலை இருக்கு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கல்லெறிந்த பிறகு

ஐந்தில் அதிகமாக மறக்கப்பட்டவை ஜம்ராக்களின் இரண்டு நிறுத்தங்கள்தான். பிறை 11, 12 நாட்களில் மூன்று ஜம்ராக்களிலும் கல்லெறிகிறோம். இப்னு உமர் (ரலி) செய்ததைப் புகாரி பதிவு செய்திருக்கிறார். முதல் ஜம்ராவில் ஏழு கல், ஒவ்வொன்றுக்கும் தக்பீர். பிறகு முன்னே நகர்ந்து சமதளத்துக்கு வந்து, கிப்லாவை நோக்கிக் கையேந்தி நெடுநேரம் நின்றார். நடு ஜம்ராவில் கல்லெறிந்து, இடப்பக்கம் ஒதுங்கி, அதேபோல நெடுநேரம். கடைசி ஜம்ராவில் மட்டும் நிற்கவில்லை. நபிகளார் இப்படிச் செய்ததைப் பார்த்தேன் என்று அவரே சொல்கிறார். அவர் நின்ற நேரம் பகரா சூரா ஓதும் அளவு இருந்தது என்ற தகவல் 'ஃபத்ஹுல் பாரி'யில் வருகிறது. 286 வசனங்கள் கொண்ட சூரா அது.

நிற்காமல் போகும் பழக்கத்துக்கு நியாயமான ஒரு காரணம் இருந்தது: பயம். 2006 ஜனவரி 12 அன்று ஜம்ராத் பாலத்தின் வாசலில் ஏற்பட்ட நெரிசலில் 346 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பழைய பாலம் இடிக்கப்பட்டு, பல தளங்களோடு ஒருவழிப் பாதையாகப் புதியது எழுந்தது. "எறிஞ்சதும் நிக்காதீங்க, போயிட்டே இருங்க" என்ற அறிவுரை உயிர் காக்கும் அறிவுரை. எறியும் இடத்தில் அது இன்றும் பொருந்தும். ஆனால் ஹதீஸைத் திரும்பப் படியுங்க: அதில் இருப்பதே முன்னே நகர்ந்து, ஒதுங்கி, பிறகு நிற்பதுதான். கூட்டத்தை விட்டு விலகுவது அந்த சுன்னத்திலேயே அடக்கம். காவலர்கள் விடும் இடத்தில், ஓரமாக, ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிராக ஒரு சுன்னத்துக்கு மட்டும் எல்லோரும் உயிரைக் கொடுக்கிறோம்: ஹஜருல் அஸ்வதை முத்தமிடுவது. நபிகளார் ஒட்டகத்தில் தவாஃப் செய்தபோது, அந்த மூலைக்கு வரும்போதெல்லாம் கையிலிருந்ததால் சைகை காட்டி தக்பீர் சொன்னார்கள் என்று புகாரியில் இருக்கிறது. மாற்று வழி அவ்வளவு எளிது. ஆனாலும் அங்கே இடித்துத் தள்ளுகிறோம். யாரும் இடிக்கத் தேவையில்லாத இடத்தில் நிற்க மறுக்கிறோம்.

ஏன் விழுந்தன?

கூட்டம், பஸ், நேரம் எல்லாம் காரணம்தான். ஆனால் இன்னொரு காரணம் கையேடுகளுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பல புத்தகங்களில் தவாஃபின் ஏழு சுற்றுக்கும் ஏழு துஆ அச்சிட்டிருப்பார்கள். சுற்றுக்கு ஒன்று என்று நபிகளார் கற்றுத்தந்ததாக ஆதாரமான அறிவிப்பு கிடையாது. ருக்னுல் யமானிக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் நடுவே ஓதியதாக ஒரு துஆ வருகிறது. மற்றபடி அவரவர் விருப்பம். அச்சிட்டதை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் பொருள் தெரியாமல் பின்னால் சொல்லிக்கொண்டே சுற்றுகிறார்கள்.

இதன் விளைவு என்ன தெரியுமா? துஆ என்றால் தாளைப் பார்த்துப் படிப்பது என்று ஆகிவிட்டது. ஜம்ராவுக்குப் பக்கத்தில் அச்சிட்ட துஆ இல்லை. நபிகளார் அங்கே நீண்ட நேரம் நின்றார்கள் என்பது தெரியும். என்ன கேட்டார்கள் என்பதை இப்னு உமர் சொல்லவில்லை. அந்த இடம் நமக்காகத் திறந்து விடப்பட்டிருக்கிறது. கையேடு அதை வெற்றிடம் என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போகிறது.

தொழுகைக்கு வெளியே கேட்கும் துஆவைத் தமிழிலேயே கேட்கலாம். கடன் அடையணும், மகளுக்கு நல்ல இடம் அமையணும், இறந்துபோன அத்தாவை மன்னிக்கணும், இதெல்லாம் அரபியில் சொல்லத் தெரியாதவருக்கும் இந்த ஐந்து இடங்கள் சொந்தம். எத்தனை கையேடுகளில் இந்த ஒரு வாக்கியம் இருக்கு, தேடிப் பாருங்க.

மறுப்பு ஒன்று, கணக்கு ஒன்று

"சுன்னத்துதானே, ஏன் மக்களுக்குச் சுமை ஏத்துறீங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிறை 10 அன்று, அதை முன்னால் செய்துவிட்டேன், இதைப் பின்னால் செய்துவிட்டேன் என்று வந்தவர்களுக்கெல்லாம் குற்றமில்லை என்றுதான் நபிகளார் பதில் சொன்னார்கள். ஹஜ்ஜின் இயல்பே அந்த இலகுதான். சுன்னத்தை வாஜிப் ஆக்கணும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. விடுகிறவர் தெரிந்து விடட்டும் என்பதுதான் விஷயம். முடியாமல் விடுவது வேறு, இருப்பதே தெரியாமல் விடுவது வேறு.

சுமை எவ்வளவு என்று என் தொழில் புத்திக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸஃயீயில் முனைகளுக்கு 8 முறை வருகிறோம். தலா 3 நிமிடம் என்றால் 24. முஸ்தலிஃபாவில் சுபுஹுக்குப் பிறகு 40 நிமிடம். ஜம்ராவில் இரண்டு நாளும் சேர்த்து 4 நிறுத்தம், தலா 5 நிமிடம் என்றால் 20. மொத்தம் 84 நிமிடம். ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்கள் சவூதியில் இருப்பது ஏறக்குறைய 40 நாட்கள். பலருக்கு அது வாழ்க்கையில் ஒரே பயணம். அதற்காகச் சேமிக்க ஆயுளில் பாதி போயிருக்கும்.

கையேடு எழுதுகிறவர்கள் அட்டவணையை எடுக்க வேண்டாம். நாள்வாரிப் பட்டியலில் ஐந்து வரிகளைச் சேர்த்தால் போதும்: இங்கே நில், கிப்லாவை நோக்கு, உன் மொழியில் கேள். அவர்கள் சேர்க்கும்வரை, உங்க வீட்டிலிருந்து யாராவது இந்த வருஷம் போறாங்கன்னா, அவர் புத்தகத்தில் ஸஃபா, மர்வா, முஸ்தலிஃபா, முதல் ஜம்ரா, நடு ஜம்ரா, இந்த ஐந்து பெயருக்கும் பக்கத்தில் பென்சிலால் "நில்" என்று எழுதிக் கொடுங்க.