ஏலத்தில் ஒரு பழைய போர் விமானம்

காசி இந்துப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஹரிகேன் போர் விமானம் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பழைய கார்களைத் தேடி 1982-இல் இந்தியா வந்த பீட்டர் வாச்சர் என்ற ஆங்கிலேயரின் கண்ணில் அது பட்டது. பார்வைக்கு அது ஓட்டை உடைசல்தான். ஆனால் அதன் எண் ஆர் 4118. 1940-இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் 49 முறை மேலெழுந்து, ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கில் இருக்கும் விமானம் அது. 1943-இன் கடைசியில் பயிற்சிக்கென்று கப்பலில் இந்தியா வந்து, 1947-இல் மாணவர்கள் பார்த்துப் படிக்கக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. வாச்சர் பல ஆண்டுகள் பேசி, 2001-இல் அதை இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். 2004 டிசம்பரில் அது மறுபடி பறந்தது. அத்தனை காலம் அதைக் கடந்து போன எத்தனையோ பேருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது. பழுதான போர் விமானத்தை விலை பேசுகிறவரின் ரசனை அங்கேதான் வெளிப்படுகிறது. சிதைவுக்குள் எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று கண்டுகொள்வதே இந்தக் கலையின் முதல் பாதி. அதைக் கெடுக்காமல் மீட்பது மறுபாதி.

ஏலப் பட்டியலில் ‘சீரமைப்புக்கு ஏற்றது’ என்று வரும் ஒரு விமானத்தில் பெரும்பாலும் என்ன இருக்கும்? இறக்கை இல்லாத உடல், பெட்டிகளில் உதிரிகள், ஓடாத எஞ்சின், ஒரு கட்டுக் காகிதம். கூர்ந்து பார்க்கிறவர் முதலில் காகிதத்தைத்தான் எடுப்பார். எந்த ஆலையில் பிறந்தது, எந்தப் படைப்பிரிவில் பறந்தது, எப்போது கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பதெல்லாம் உடலில் அறைந்திருக்கும் எண் தகட்டோடு ஒத்துப்போக வேண்டும். அதன் பிறகுதான் உலோகம். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டம், சதுரக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிச் செய்தது. உடலோடு சேரும் இடத்தில் பல அடுக்காகத் தடித்திருக்கும். நுனியை நோக்கிப் போகப் போக அடுக்குகள் குறைந்து மெலியும். எங்கே பாரம் அதிகமோ அங்கே மட்டும் எடை. பொறியியலில் இதைவிட அழகான சிக்கனத்தைக் காண்பது அரிது. அதே அழகுதான் வாங்குகிறவருக்கு ஆபத்தும்: அடுக்குகளுக்கு இடையே அரிப்பு புகுந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. ஹரிகேன் வேறு வகை. எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மரம், அதன்மேல் துணி. துணியும் மரமும் மட்கிப் போயிருந்தாலும் கவலையில்லை. அவை எப்படியும் மாற்றப்படுபவை. குழாய்கள் சேரும் மூட்டுகள் கெட்டியாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. பெயின்ட் மினுமினுக்கிறதா என்று பார்ப்பவர் ஏமாறுவார். மூட்டைத் தடவிப் பார்ப்பவர் தப்புவார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குழாயை மாற்றி, தகட்டை மாற்றி, ரிவெட்டையெல்லாம் புதிதாக அடித்தபின் எஞ்சுவது அந்த எண் மட்டும்தானே? பழைய எண்ணை ஒட்டிய புது விமானத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? 1940 மே மாதம் கலே கடற்கரையில் இறங்கி மணலில் புதைந்துபோன பி 9374 என்ற ஸ்பிட்ஃபயர், 1980-இல் வெளியே தெரிந்தது. கடல் தின்றது போக மிச்சமிருந்ததிலிருந்து அதைக் கட்டியெழுப்பினார்கள். 2015 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது சுமார் 31 லட்சம் பவுண்டுக்குப் போனது. அந்தத் தொகையில் பெரும்பங்கு வரலாற்றுக்குக் கொடுத்ததுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் குற்றமில்லை. கும்பாபிஷேகத்தில் கல் மாற்றிய கோயிலை யாரும் வேறு கோயில் என்று சொல்வதில்லை; எந்தக் கல்லை மாற்றினோம் என்ற குறிப்பு இருந்தால் போதும். சீரமைத்தவர் எது பழையது, எது புதியது என்று எழுதிவைத்திருந்தால் அந்த விமானம் மெய்யானது. மறைத்தால், எத்தனை சதவீதம் அசலாக இருந்தாலும் அது போலிதான்.

நம்முடைய டகோட்டா போக்குவரத்து விமானத்தையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். கர்நாடகத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போன ராஜீவ் சந்திரசேகர், கழிக்கப்படும் நிலையில் அயர்லாந்தில் கிடந்த ஒரு டகோட்டாவை 2011-இல் வாங்கினார். அவர் தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். இங்கிலாந்தில் சீரமைக்கப்பட்டு, ‘பரசுராமா’ என்ற பெயரோடு 2018 ஏப்ரலில் அது ஜாம்நகருக்குத் தானே பறந்து வந்தது. வாலில் எழுதியிருப்பது விபி 905. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி சீக்கியப் படையணியின் வீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் எண் அது. இந்த விமானம் அதுவல்ல. 1944-இல் பிறந்து பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த வேறொன்று. யாரும் இதை மறைக்கவில்லை, ஆகவே இது வணக்கத்துக்குச் சூட்டிய எண். ஆர் 4118-ஐ நான் ஒரு படி மேலே வைப்பேன். ஆனாலும், தந்தையின் தொழிலுக்கு மகன் செலுத்திய மரியாதையைப் பறக்கும் நிலையில் நாட்டுக்குக் கொடுத்தது எளிய காரியமல்ல.

இந்தக் கலையைச் சீமைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள், பெங்களூர் விவேக் நகரிலிருந்து தொம்லூர் வழியாகப் பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே கொஞ்சம் போக வேண்டும். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய விமான ஆலை, இன்றைய ஹெச்.ஏ.எல்., அங்கே இருக்கிறது. அமெரிக்கா கடனாகக் கொடுத்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை, உலகப்போர் முடிந்தபின் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் விட்டுப் போனார்கள். சும்மா விடவில்லை, யாரும் பயன்படுத்தக்கூடாதென்று கருவிகளை உடைத்து, எஞ்சினில் மணலைக் கொட்டி, உடலை இடித்துப் போட்டதாக விமானப்படை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து தேறியவற்றை ஓரளவு ஒட்டுப்போட்டு, சுமார் 1,500 கிலோமீட்டர் தூரம் ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி என்ற சோதனை விமானி. நான்கு எஞ்சின், முப்பது மீட்டருக்கு மேல் விரியும் இறக்கை. முழுதாகச் சோதிக்காத ஒன்றில் ஏறி உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இங்கே பட்டறையில் பிரித்து, சோதித்து, சேர்த்து, நாற்பதுக்கு மேற்பட்ட லிபரேட்டர்களைப் படைக்குக் கொடுத்தார்கள். 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு ஐந்தாம் ஸ்குவாட்ரன் உருவானது. கடைசி லிபரேட்டர் 1968 முடிவில்தான் ஓய்வுபெற்றது.

அது தேவைக்குச் செய்த வேலை, கலை அல்ல என்று சொல்லலாம். புது விமானம் வாங்கப் பணமில்லாத புதிய நாடு, கிடைத்ததை ஓட்டியது என்பது உண்மைதான். ஆனால் நெசவும் வார்ப்பும்கூடத் தேவைக்குப் பிறந்தவைதான். உடைந்த ஒன்றின் எந்தப் பாகம் இன்னும் பாரம் தாங்கும் என்று தீர்மானிக்கும் கண், எந்த நோக்கத்துக்கு வேலை செய்தாலும் ஒரே கண்தான். அதற்குச் சான்று வேண்டுமானால் அமெரிக்காவின் பீமா, கனடாவின் ஒட்டாவா, பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகம் ஆகியவற்றில் பார்க்கலாம்: மூன்றிலும் நிற்பவை இந்திய விமானப்படையிலிருந்து போன லிபரேட்டர்கள். டக் அர்னால்டு என்பவர் எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்து எடுத்துப் போன இன்னொன்று, பிறகு அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்கு விற்கப்பட்டு, 1989-இல் பறந்தது. 18,000-க்கு மேல் கட்டப்பட்ட ரகத்தில் முழு வடிவில் எஞ்சியிருப்பவை வெகு சில; அவற்றில் இத்தனை எஞ்சியதற்குப் பெங்களூர் பட்டறை முக்கியக் காரணம். போர்க்கால விமானங்களை மீட்ட வேலைகளில் இதற்கு ஈடான ஒன்றை நான் அறியேன்.

மீட்ட விமானத்தைப் பறக்கவிட வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அதே காலிங்ஸ் அறக்கட்டளையின் பி-17 விமானம் 2019 அக்டோபரில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். எஞ்சின் ஓசையும் எண்ணெய் வாடையும் இல்லாமல் விமானம் முழுமையாகாது என்ற வாதத்தின் ஈர்ப்பு எனக்கும் புரிகிறது. ஆனாலும் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதே சரி. டகோட்டாக்கள் உலகில் இன்னும் நிறைய உண்டு, பறக்கட்டும். லிபரேட்டர் நிற்கட்டும்.

நம்மிடம் குறைவது திறமையல்ல; ஏலத்துக்கு முன் பார்க்கும் பார்வை. 1971 போரில் பங்கெடுத்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் 2014-இல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு உடைப்பவர் கைக்குப் போனது. விமானங்களின் கதியும் அதிலிருந்து தள்ளி இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், பொருளுக்குக் குறைந்தது நூறு வயது கேட்கிறது. 1944-இல் பிறந்த விமானம் அந்தக் காப்பைப் பெற 2044 வரை காத்திருக்க வேண்டும். அலுமினியத்துக்கு அதற்குள் நூறு முறை விலை வந்துவிடும். கழிக்கப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் எண், படைப்பிரிவு, படம் ஆகியவற்றைக் கொண்ட குறிப்பை ஏலத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். எடைக்கு விலை கூறுவதற்கு முன் அருங்காட்சியகங்களுக்குக் கேட்கும் உரிமை தர வேண்டும். பெரிய செலவில்லாத காரியம் இது. இன்னொரு வேலை வாசகர்களுடையது. விவேக் நகர், ஆஸ்டின் டவுன், முருகேஷ்பாளையம் பக்கத்து வீடுகளில், ஹெச்.ஏ.எல்.லில் வேலை பார்த்த தாத்தாவின் நோட்டுப் புத்தகமோ பட்டறையில் எடுத்த குழுப்படமோ இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். ஒரு பிரதி எடுத்து, படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பின்னால் எழுதி, பழைய விமான நிலையச் சாலையில் 2001 முதல் இயங்கும் ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகத்தை அணுகுங்கள்.